எதுல பூஜ்யம்

மருமகள் மீட்டரைக் கட்டிலோரத்து ஸ்டூலில் வைத்தாள். ஒரு ஒயரின் கிளிப்பை மாமனாரின் கைக்கடிகாரத்து ஸ்டீல் பட்டையில் மாட்டினாள். மாத்திரை அட்டையிலிருந்து உரித்த அலுமினியத் தாளை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டி, மேலே மெல்லிய டேப் சுற்றி வைத்திருந்தாள். அதன் வாலில் இன்னொரு கிளிப்பை மாட்டி, தாள் அவருடைய இடது ஆள்காட்டி விரலுக்கு நேர் அடியில் வரும்படி நகர்த்தினாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

மீட்டரின் சாம்பல் நிறக் கண்ணாடியில் பூஜ்யம் வந்தது. குனிந்து, விரலை அசைக்கச் சொல்லிக் கேட்டாள். காத்திருந்தாள். பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது.

"ஒண்ணும் இல்ல அத்தை. பூஜ்யம்தான் காட்டுது."

மாமியார் ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய பேன்ட்டையோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். பல்லில் கடித்திருந்த நூலை எடுக்காமலே கேட்டாள்.

"எதுல பூஜ்யம்?"

மாமியாருக்கு மின்சாரத்தைப் பற்றிச் சுவிட்சுக்கு அப்பால் எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அந்தக் கேள்வி அவளுடையது அல்ல. அந்த வீட்டில் யார் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் "எதுல ஒண்ணும் இல்ல?" என்று கேட்பது பெரியவரின் பழக்கம். சர்க்கரை ஒன்றுமே இல்லை என்று மனைவி சொன்னால், டப்பாவைத் திறந்து, விரல் நுனியால் ஓரத்தைத் தடவி, ஒட்டிக்கொண்ட துணுக்குகளை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, இது என்ன என்று கேட்பார். கல்யாணமான புதிதில் அவள் அழுதிருக்கிறாள். பிறகு சிரித்திருக்கிறாள். பிறகு அது காதில் விழாமலே போய்விட்டது. அவருக்குப் பேச்சு நின்ற பிறகு அந்தக் கேள்வியை அவருக்குப் பதிலாக அவளே கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல்.

மருமகள் மீட்டரின் திருகைப் பார்த்தாள். அது இருநூறு நேனோவில் நின்றது.

எடை மெஷின் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. தலைமுடியை வலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, முன்னால் நகர்ந்து வரும் ஒவ்வொரு போர்டையும் தொட்டுப் பார்த்து அனுப்ப வேண்டும். அவள் கையில் வருகிற கண்டென்சர்கள், துளி மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் சின்னச் சாமான்கள், பெரும்பாலும் நூறு நேனோ. அதனால் மீட்டரின் திருகு நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும். திருகை மாற்றுவது என்ற எண்ணமே அவள் கைக்குப் பழகவில்லை. இந்த மீட்டர் பேட்டரி மூடி உடைந்து ஓரம் கட்டப்பட்டது. மேற்பார்வை பார்க்கும் அம்மாளிடம் சொல்லி, கேட்டில் சீட்டுக் காட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள்.

திருகை ஒரு படி இறக்கினாள். புள்ளிக்குப் பிறகு ஒரு பூஜ்யம், அப்புறம் நாலு. நேனோவில் நூறில் நாலு பங்கு. இன்னும் இறக்கி, அடிமட்டத்தில் இருந்த பிக்கோவுக்கு வந்தாள். புள்ளி மூன்று இடம் தள்ளிப் போனது. கண்ணாடியில் முப்பத்தெட்டு என்று வந்து, முப்பத்தொன்பதாகி, மறுபடி முப்பத்தெட்டுக்கு வந்து, மூச்சு விடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது. சற்று முன் பூஜ்யமாக இருந்தது இதேதான்.

அவள் மாமியாரைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

*

ஒரே மாதிரி முகப்புள்ள வீடுகள் நெருக்கமாக நின்ற தெரு அது. சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டில் குக்கர் கூவினால் இந்த வீட்டில் எழுந்து அடுப்பை அணைக்க ஓடுவார்கள். மழைக்காலத்தில் துணி உலராமல் வீடு முழுக்கக் கொடி கட்டியிருக்கும். முன்னறையில் பெரியவரின் கட்டிலுக்கு மேலேயும் ஒரு கொடி. மருமகள் தினமும் அவர் முகத்தில் சொட்டாத துணிகளாகப் பார்த்து அதில் போடுவாள்.

மகன் லாரி ஓட்டுகிறவன். வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பான். அப்பாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து, கைகால் விழுந்து, பேச்சும் போனபோது ஓடி வந்தவன், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு மறுபடி வண்டி ஏறிவிட்டான். ஏறாமல் முடியாது. போனில் தினமும் ஒரே கேள்விதான் கேட்பான்: அப்பாவுக்கு நாம் பேசுவது புரிகிறதா?

வீடே அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார். பேசுவது புரிகிறது என்று தெரிந்தால் பயிற்சி கொடுக்கிறவர் வீட்டுக்கே வருவார், பொறுமையாகச் செய்தால் கையும் பேச்சும் ஓரளவு திரும்பலாம். புரியவில்லை என்றால் பயிற்சியால் பயனில்லை. புண் வராமல் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் விடுவதுதான் எல்லோருக்கும் நல்லது. கண்ணை இமைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். இமைத்தார். ஆனால் சொல்லாதபோதும் இமைத்தார். காற்றுக்கு இமைக்கிறாரா கேள்விக்கு இமைக்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மூத்த மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். அவள்தான் இல்லத்தில் பேசி ஒரு படுக்கை எடுத்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாக ஏற்பாடு.

மருமகள் மட்டும் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் மாமனாரின் இடது கையைத் துடைக்கும்போது, மணிக்கட்டுக்குக் கீழே நரம்பொன்று அவள் கட்டைவிரலுக்கு அடியில் நகர்கிறது. கண்ணால் பார்த்தால் விரலில் ஒன்றும் தெரியாது. நகர்வது உண்மை. நாத்தனார் போனில், அதெல்லாம் தசை தானாகத் துடிப்பது, நம்பிவிடாதே என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஏமாற வேண்டாம் என்ற பரிவோடுதான் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாததை அளந்துவிட்டால் என்ன என்று மருமகளுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அவள் தொழிற்சாலை எடை மெஷின்களில் இரண்டு தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். மேலே எடை வைத்தால் நடுவிலுள்ள இடைவெளி இழை அளவு குறையும். அதைக் கண் பார்க்காது. கண்டென்சரின் அளவு கூடுவதை வைத்து மெஷின் தெரிந்துகொள்ளும். விரல் ஒரு தகடு, தாள் ஒரு தகடு என்று வைத்துக்கொண்டால் போயிற்று.

*

மத்தியான வேளையில், மருமகள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், ஜோடி வருவார்.

பெரியவர் ரேடியோ தொழிற்சாலையில் ட்யூனிங் பெஞ்சில் இருந்தவர். அங்கே இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் ரேடியோவின் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் திருப்புவார். எதிரே இருப்பவர் மீட்டரைப் படிப்பார். திருப்புகிறவரின் கை பக்கத்தில் இருந்தாலே அளவு கூடிவிடும், கையும் ஒரு கண்டென்சர்தான். அதனால் திருப்பி முடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகுதான் எதிரே இருப்பவர் படிப்பார். அறையில் மற்றவர்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் வாய் பேசக் கூடாது. இப்படி எத்தனையோ வருஷம் ஒருவர் கையை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அந்த எதிராளிதான் ஜோடி. தெருவில் குழந்தைகள்கூட அவரை ஜோடித் தாத்தா என்றுதான் கூப்பிடும். பெரியவருக்குத் தொழிற்சாலையில் பெயர் பிக்கோ.

"எனக்கு முன்னாடியே இவருக்கு ஜோடி நீங்கதான் அண்ணே," என்று மாமியார் டீயை நீட்டுவாள். "நீங்க வந்து கூட்டிட்டுப் போயிருக்கலாம். நான் தப்பிச்சிருப்பேன்."

"எங்க வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சே தங்கச்சி. ரெண்டு மீட்டர் வெச்சா ரெண்டும் வேற வேற காட்டும்."

சொல்லிவிட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்ப்பார். முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஜோடி டீயை ஊதுவார். நெடுநேரம் இருவரும் பேசாமல் இருப்பார்கள். அது பழகிய மௌனம்தான் என்றாலும், ஒருவர் இஷ்டப்பட்டு இருப்பதும் இன்னொருவர் வேறு வழியில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்று ஜோடிக்குத் தெரியும். அதனால் கதை சொல்ல ஆரம்பிப்பார்.

பிக்கோ என்ற பெயர் வந்த கதையை மாமியார் பலமுறை கேட்டிருக்கிறாள். வரைபடம் மைக்ரோவில் வரும். சாமான் டப்பாவில் ஒட்டிய சீட்டு நேனோவில் இருக்கும். மைக்ரோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேனோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிக்கோ. வரைபடத்தில் புள்ளி போட்டு மூன்று பூஜ்யத்துக்குப் பிறகு நாற்பத்தேழு என்றிருப்பது, டப்பாவில் புள்ளி நாற்பத்தேழு ஆகும், பெஞ்சுக்கு வரும்போது நானூற்றி எழுபது ஆகும். மூன்றும் ஒரே சாமான். ஆளாளுக்கு ஒரு வாயால் சொல்லுவார்கள், பெரியவர் மனசுக்குள் புள்ளியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு வேலை செய்தார், ஒரு ஈ வந்து கெடுக்கும்வரை.

அந்த ஈ, வரைபடத்தில் நாற்பத்தேழு பிக்கோ என்று எழுதியிருந்த இடத்தில், நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் உட்கார்ந்து தன் காரியத்தை முடித்துக்கொண்டு போயிருந்தது. எல்லோரும் அதை நாலு புள்ளி ஏழு என்று படித்தார்கள். வெளியே போன ரேடியோக்களில் ஸ்டேஷன்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன. பாட்டு வர வேண்டிய இடத்தில் செய்தி வந்தது.

"அதுலேருந்து இவன் புள்ளி வெச்ச நம்பரைத் தொடவே மாட்டான்," என்பார் ஜோடி. "எதைச் சொன்னாலும் பிக்கோவுக்கு இறக்கி, முழு நம்பரா சொன்னாத்தான் கையை வெப்பான். உன் பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில எடை ரெண்டு புள்ளி எட்டு கிலோன்னு சொன்னாங்களா? வேலைக்கு வந்து எங்கிட்ட சொல்றான், ரெண்டாயிரத்தி எண்ணூறு கிராம்டான்னு. நானும் ஏதோ யானைக்குட்டின்னு நெனச்சேன்."

மாமியார் சிரிப்பாள். ஒரு கையால் மெஷின் சக்கரத்தை நிறுத்தி, கட்டிலில் கிடக்கும் அவர் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வாள். யாராவது அவரைப் பற்றிப் பேசும்போது அந்தக் கையைப் பிடிக்காமல் அவளால் இருக்க முடியாது.

*

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் மருமகள் மீட்டரோடு உட்காருவாள். மழை ஈரத்தில் எண் தானாக ஏறியது. தாளை இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் காட்டிக் காய வைத்தாள். தண்ணீர் லாரி தெருவில் போனால் எண் குலுங்கியது. ஃபேன் காற்றில் ஒயர் ஆடினாலும் குலுங்கியது. ஒயரைக் கட்டில் சட்டத்தோடு நூலால் கட்டினாள். ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே வந்தபோது, மிச்சமிருந்த அசைவு அவருடையது என்று நம்பத் தோன்றியது. விரல் தாளில் படுத்திருந்தால் முப்பத்தெட்டு. அழுத்தினால் கூட வேண்டும். ஆமாம் என்றால் விரலை அமுக்குங்க மாமா என்று சொல்லிக் கொடுத்தாள்.

கேள்வி கேட்டால் ஏதோ நடந்தது. ஆனால் எண் கூடவில்லை, குறைந்தது. சில சமயம் கூடியது, எதற்கென்றே தெரியாமல் நாற்பத்தைந்து, ஐம்பது என்று ஓடியது. அப்படி ஓடும்போதெல்லாம் மாமியார், "பாரு, பாரு" என்று அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மகள் சனிக்கிழமையே வந்துவிட்டாள். பையைக் கீழே வைத்ததும் அப்பாவின் முதுகைத்தான் பார்த்தாள். புண் இல்லை. கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று தம்பி மனைவியிடம் சொன்னாள், அதை மனதாரச் சொன்னாள். பிறகு மீட்டரைப் பார்த்தாள். அவளும் கண்ணுக்குத் தெரியாத அளவுகளோடு வேலை செய்கிறவள்தான். ஒரு துளி ரத்தத்தில் மைக்ரோ, நேனோ என்று தேடுகிறவள். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, இல்லை என்று பதில் வர வேண்டியதையும் சேர்த்துக் கேட்கலாம் என்றாள். உண்மையை மட்டும் கேட்டால் நமக்கு வேண்டியதைத்தான் பார்ப்போம் என்றாள்.

மருமகள் சரி என்றாள். மாமியார் அவர் கையைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள்.

நான் உங்கள் பெண்தானா என்று மகள் கேட்டாள். எண் முப்பத்தெட்டிலிருந்து குறைய ஆரம்பித்தது. மாமியாரின் கை இறுகியது. எண் துள்ளி நாற்பத்தாறுக்குப் போய் விழுந்தது. இது ஆஸ்பத்திரியா என்று கேட்டாள். நாற்பத்தொன்று. இது நம் வீடா என்று கேட்டாள். இருபத்தொன்பது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்கிறதா என்று கேட்டாள். இருபத்தாறு வரை இறங்கி மெதுவாக ஏறியது.

மகள் நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு, வீட்டையும் மழையையும் இல்லை என்கிறார், ஆஸ்பத்திரியா என்றால் கொஞ்சம் ஆமாம் என்கிறார் என்றாள். அதாவது எதையும் சொல்லவில்லை.

"அமுக்கச் சொன்னா அமுக்கணும்ல? எண் இறங்குதுன்னா விரல் தூக்குதுன்னு அர்த்தம். சொன்னதுக்கு எதிரா ஒண்ணு நடந்தா அதைப் புரிஞ்சுக்கிட்டார்னு எப்படி எடுத்துக்கறது?"

"ஆனா ஏதோ நடக்குது அண்ணி."

"நடக்குது. நான் இல்லன்னு சொல்லல." அவள் குரல் தழைந்தது. "அம்மாவைப் பாரு. ராவும் பகலும் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. இன்னொரு மழைக்காலம் இப்படிப் போனா ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் தூக்கணும். எனக்கு மட்டும் அப்பாவை அங்க விடணும்னு ஆசையா?"

மருமகள் மீட்டரை அணைத்தாள். மாமியார், இருட்டுவதற்குள் துணியை மடித்து வைத்துவிடலாம் என்று எழுந்தாள். அவர் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. இல்லத்து வண்டி மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் துணிகள், மருந்துகள், ஷேவிங் சாமான் எல்லாம் ஒரு பையில் அடங்கிவிட்டன. பை அவ்வளவு சின்னதாக இருந்தது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. தேவையில்லாத ஒரு ஸ்வெட்டரையும் திணித்தாள்.

போவதற்குள் இன்னொருமுறை என்று மருமகள் மீட்டரை மாட்டினாள். யாரும் தடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஜோடி வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். வழியனுப்ப வந்தவர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். மருமகள் எழுந்து ஸ்டூலைத் தள்ளி, மீட்டருக்கு நேர் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினாள். மீட்டர் ஓடும்போது அவர் அந்த அறையில் இருப்பது அதுதான் முதல் தடவை.

உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். எண்ணைப் பார்த்தார். அப்புறம், பெஞ்சில் எத்தனையோ வருஷம் செய்தபடி, எண்ணை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். பெரியவரின் கைமேல் மாமியாரின் கை இருந்தது.

"தங்கச்சி, கையை எடும்மா."

மாமியார் புரியாமல் பார்த்தாள்.

"கை எடுத்தாத்தான் கணக்கு. நீ பிடிச்சிருந்தா உன் கையும் சேர்ந்துல்ல வருது? இவன் எப்படிச் சொல்லுவான்?"

கோபித்துக்கொள்ளப் போகிறவள்போல் மாமியார் வாயைத் திறந்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்து, கையை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள். எண் நாற்பதுகளிலிருந்து இறங்கி முப்பத்தெட்டில் நின்றது. முதல்முறையாக அது ஆடாமல் நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. எண் முப்பது, இருபத்தைந்து, இருபத்தொன்று என்று இறங்கியது. அங்கேயே நின்றது.

ஜோடி நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். எண்ணைப் பார்த்தார். "இருபத்தொண்ணு," என்றார். அவர் குரல் வாய்க்குள் பாதியும் வெளியே பாதியுமாக வந்தது. "படிச்சாச்சுடா."

எண் முப்பத்தெட்டுக்கு ஏறிற்று.

மருமகள் அதைப் பார்த்துவிட்டாள். அவர் அமுக்கமாட்டார். அமுக்கினால் கணக்குக் கெட்டுவிடும் என்று தெரிந்த கை அது. முடிந்தது, சரி, இப்போது படி என்று சொல்ல அந்தக் கைக்கு ஒரே வழிதான் தெரியும். எடுத்துவிடுவது. அவள் ஆமாம் என்றால் அமுக்கச் சொன்னாள். அவர் ஆமாம் என்றபோதெல்லாம் தன்னால் முடிந்த மயிரிழை அளவுக்குக் கையை எடுத்தார். இவர்கள் அதைப் பார்த்து இல்லை என்று படித்தார்கள். வீட்டை இல்லை என்கிறார், மழையை இல்லை என்கிறார் என்று.

"அண்ணி," என்றாள். "நேத்து இறங்கினது எல்லாம் ஆமாம். நாமதான் தப்பா படிச்சோம். இப்ப கேளுங்க."

மகள் ஜோடியைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள். இன்னும் அவள் நம்பவில்லை. நம்ப ஆசைப்பட்டதாலேயே கடினமான கேள்வியைத் தேடினாள். தானாகத் துடிக்கும் தசையால் சொல்ல முடியாத ஒன்று. அம்மா சொல்லியும் ஜோடி சொல்லியும் கேட்ட கதையில் பாதி அவள் நினைவுக்கு வந்தது. குனிந்து, அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

"அப்பா. நான் பொறந்தப்ப என் எடை ரெண்டு புள்ளி எட்டு கிலோவா?"

முப்பத்தெட்டு. எல்லோரும் காத்திருந்தார்கள். முப்பத்தெட்டு. பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். மகள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் இருந்தது ஏமாற்றம்கூட இல்லை, எதிர்பார்த்தது நடந்துவிட்ட களைப்பு.

ஜோடி தொடையில் தட்டிக்கொண்டார். "அவன்கிட்ட போய் புள்ளி வெச்சுக் கேக்கறியேம்மா."

மகள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு மறுபடியும் குனிந்தாள். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"ரெண்டாயிரத்தி எண்ணூறு கிராமா, அப்பா?"

எண் இறங்கியது. இருபத்தொன்றுக்கு வந்தது. அங்கே நிற்காமல் பத்தொன்பதுக்குப் போய் நின்றது. நேனோவில் சொன்னால் ஒன்றுமே இல்லை. மைக்ரோவில் எழுதினால் பூஜ்யங்களுக்குப் பின்னால் தேட வேண்டும்.

மகள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சற்று நேரம் கழித்து போனை எடுத்து, இல்லத்துக்குப் பேசினாள். வண்டி வேண்டாம், படுக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். எதிர்முனையில் காரணம் கேட்டிருக்க வேண்டும். அப்பாவுக்குப் புரிகிறது என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். அவள் போனை வைத்துவிட்டாள். தம்பிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு என்று மருமகளிடம் சொன்னாள். மருமகள் போனைக் கையில் எடுத்தாள்.

மகள் மறுபடி அப்பாவின் பக்கம் திரும்பினாள். இப்போது அவளிடம் சோதிக்கும் கேள்வி எதுவும் இல்லை.

"என்மேல கோபமாப்பா?"

முப்பத்தெட்டு.

இல்லையென்றால் அது அசையாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள். ஒரு வண்டி தெருவைக் கடந்து போனது. கொடியில் தொங்கிய துணிகளில் வெயில் பட்டு, அறை முழுக்க ஈரத்துணி வாசனை எழுந்தது. எண் முப்பத்தெட்டிலேயே இருந்தது. அவள் அதை முழுசாகப் படித்து முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஆச்சா?" என்று கேட்டாள் மாமியார். இவ்வளவு நேரமும் கைகளை மடியில் கோத்து வைத்திருந்தாள். "கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சா?"

ஜோடி தலையாட்டினார்.

மாமியார் கோத்திருந்த கைகளைப் பிரித்தாள். கட்டிலோரம் நகர்ந்து, தன் கையை அவர் கைமேல், விரல்மேல், அதற்கடியில் இருந்த தாள்மேல் எல்லாம் சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டாள். எண் நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, எங்கே நிற்பதென்று தெரியாமல் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள். ஜோடியும் பார்த்தார். இருவரும் அதைப் படிக்கவில்லை.